பில்லிங் டேபிளா, லைனா? எனக்கு எது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முக்குக்கடை (கேள்வி)
பாளையங்கோட்டையில் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், பில் போடுவதும் எக்ஸ்பயரி ரிட்டர்ன் (கடைகள் திருப்பி அனுப்பும் காலாவதி மருந்து) பார்ப்பதும்தான் வேலை. அம்பாசமுத்திரம் லைன், அதாவது அந்தப் பக்கத்து மெடிக்கல்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பாக்கி வசூலிக்கிற வேலை, பார்த்த பையன் நின்றுவிட்டான். முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "நீ போயேன், சம்பளம் நாலாயிரம் கூட, வசூலில் கமிஷனும் உண்டு" என்கிறார். வீட்டில் கேட்டால் "நீங்க வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுற ஆளா?" என்று சிரிக்கிறாள். அதுவும் உண்மைதான். போன வருடம் ஒரு தடவை ஆள் இல்லாமல் இரண்டு நாள் லைனுக்குப் போனேன். சேர்மாதேவி, வீரவநல்லூர் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. கல்லிடையில் (கல்லிடைக்குறிச்சி) ஒரு மெடிக்கலில் இரண்டு மாதப் பாக்கி நின்றது, டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் பைசா வாங்காமல் வந்துவிட்டேன். பேச வராது என்பது பலவீனம், சரி. பலம் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. நீங்களெல்லாம் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பேட்டைக்காரன்
நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பீட்டர் டிரக்கர் என்று மேலாண்மை பற்றி எழுதிய ஒருவர் சொன்ன வழி எனக்கு உதவியது. பெரிய முடிவு ஏதாவது எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், 9 முதல் 12 மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். கடன் பிரிவுக்கு மாற்றியபோது "ஆட்களை எடைபோடுவதில் நான் கெட்டிக்காரன்" என்று நோட்டில் எழுதியிருந்தேன். வருடம் முடிந்து திறந்தால், திரும்பி வராத கடன் பூராவும் எதிரில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியவர்களுக்குக் கொடுத்தது. நோட்டு இல்லாவிட்டால் நேரம் சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

கோரைப்பாய்
அண்ணே, அவருக்கு அண்ணாச்சி ஒரு வருடம் அவகாசம் தர மாட்டாரே! 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்று இரண்டு உளவியலாளர்கள் ஒரு நாலு கட்டம் போட்டார்கள், ஜோஹாரி ஜன்னல் என்று பெயர் (ஜோவும் ஹாரியும் சேர்ந்த பெயர், நான் முதலில் ஏதோ ஜப்பான்காரர் என்று நினைத்தேன்). அதில் ஒரு கட்டம், நம்மைப் பற்றி அடுத்தவருக்குத் தெரிந்து நமக்கே தெரியாதது. உங்கள் பலம் அங்கேதான் கிடக்கும். நமக்குச் சுலபமாக வருவதை நாம் வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் "என் பலவீனம் என்ன?" என்று நேராகக் கேட்டுவிடாதீர்கள். நம்ம ஊரில் "உங்களுக்கென்ன அண்ணே" என்பார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போனதும்தான் உண்மை வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எந்தச் சிக்கலுக்கு உங்களைத் தேடி வந்தார்கள், எதற்கு உங்களைத் தாண்டி இன்னொருவரிடம் போனார்கள்? கூட வேலை பார்க்கிற நாலு பேரிடம் கேட்டாலே போதும்.

லைன்மேன்14
பதினாலு வருடம் தென்காசி லைன் பார்க்கிறேன். வசூலுக்குப் பேச்சு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாய்ச்சவடால்காரனுக்குக் கடைக்காரர் டீயும் கதையும் கொடுத்தே அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்து நன்றாக வசூல் செய்கிறவர் ஒரு ஊமைக்கோட்டான், பில்வாரியாகப் பாக்கியை எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார், வாடிக்கையாளர் வந்து போகப் போக கடைக்காரருக்கே சங்கடமாகிவிடும். அதனால் கேட்கிறேன், கல்லிடையில் டீ குடித்துவிட்டு ஏன் எழுந்து வந்தீர்? பேச வராமலா, வேறு எதுவுமா?

முக்குக்கடை
லைன்மேன் அண்ணன் கேட்டதும்தான் யோசித்தேன். அந்தக் கடைக்காரர் மார்ச்சிலேயே காலாவதி மருந்து திருப்பி அனுப்பியிருந்தார், பேட்ச் நம்பர் பார்த்துக் கணக்கில் ஏற்றியவனே நான்தான். கம்பெனியிலிருந்து கிரெடிட் நோட் (திருப்பிய மருந்தின் தொகையைக் கழித்துக்கொள்ளத் தரும் சீட்டு) வரவில்லை என்று எங்கள் கடையில் கழிக்காமல் வைத்திருந்தார்கள். பாக்கியில் 1,840 ரூபாய் அவர் பக்கம் நியாயம் என்று தெரிந்துகொண்டே முழுப் பணத்தையும் கேட்க நாக்கு எழவில்லை. கோரைப்பாய் அக்கா சொன்னபடி இன்று கடையில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தன் "கணக்கு இடிச்சா உங்ககிட்டதான் வருவேன், ஆனா லீவு கேட்டுத் தரச் சொல்லி வர மாட்டேன், அண்ணாச்சி முன்னால நீங்க நிக்கவே மாட்டீங்க" என்றான். சுருக்கென்றது.

லைன்மேன்14
அப்போ உம்முடைய பலவீனம் கல்லிடையில் இல்லை வே, பாளையங்கோட்டையில் உங்கள் முதலாளி டேபிளுக்கு முன்னால் இருக்கு. அந்த 1,840ஐ அன்றைக்குக் காலையிலேயே கழித்துத் தரச் சொல்லியிருந்தால் மிச்சத்தை வாங்கியிருப்பீர்.

பேட்டைக்காரன்
இதை நோட்டில் எழுதும்.

முக்குக்கடை
எழுதிவிட்டேன். லைனுக்கு மூன்று மாதம் போய்ப் பார்க்கிறேன், ஆனால் ரிட்டர்ன் நிற்கிற கடைகளுக்கு முதலில் கழித்துக் கொடுத்தால்தான் போவேன் என்று அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். நாளை காலை கடை திறந்ததும் சொல்லலாம் என்று இருக்கிறேன். இப்போதே வயிறு ஒரு மாதிரி இருக்கிறது.