மறுமொழி: மேட்ரிக்ஸ் ஐசொலேஷன் – அணியா, உறைபொதியா?

ஐயா, வணக்கம்.

மூலக்கூறுகளை உறைந்த வாயுவுக்குள் தனித்தனியே சிக்கவைத்து ஆராயும் 'மேட்ரிக்ஸ் ஐசொலேஷன்' முறைக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த 'அணித் தனிமையாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. பிளஸ் டூ கணக்கில் அணியும் அணிக்கோவையும் படித்துவிட்டு வரும் பிள்ளை இங்கேயும் நிரை, நிரலைத்தான் தேடும். இந்த மேட்ரிக்ஸ் எண்களின் வரிசை அல்ல. மூலக்கூறைச் சுற்றி உறைந்து கிடக்கும் திண்மம்.

செய்முறையைப் பாருங்கள். ஆராய வேண்டிய ஆவி ஒரு பங்கு, ஆர்கான் ஆயிரம் பங்கு என்கிற அளவில் கலக்கிறார்கள். வெற்றிடத்துக்குள் 10 கெல்வின் அளவுக்குக் குளிரவைத்த சீசியம் அயோடைடு சாளரத்தின் மேல் அதை மெல்லப் பாய்ச்சுகிறார்கள். பட்டதும் உறைந்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் ஆர்கான் அணுக்களுக்கு நடுவே தனித்தனியாகச் சிக்கிக்கொள்ளும். தன் இனத்தோடு உரசல் இல்லை, சுழலவும் இடமில்லை. (நீர், ஹைட்ரஜன் குளோரைடு போன்ற சிறியவை ஆர்கானுக்குள்ளும் சுழலும் என்பது தனிக்கதை.) மூலக்கூறு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்து பார்த்தால், வாயு நிலையில் சுழற்சியால் அகன்று கிடந்த பட்டை இங்கே ஊசிபோன்ற கோடாக ஒடுங்கிவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்திருந்த கோடுகள் பிரிந்து தெரிகின்றன.

ஆகவே 'உறைபொதித் தனிப்படுத்தல்' என்கிறேன். உறைந்ததனுள் பொதிந்தது. 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் வேதியியலர் பிமென்டல் குழுவினர் இம்முறையை முன்வைத்தபோது, நொடியில் அழியும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) பிடித்துவைப்பதே அவர்கள் நோக்கம். அதற்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. 'தனிமைப்படுத்தல்' கொரோனாவுக்குப் பிறகு நோயாளிக்கே உரியதாகிவிட்டது, அது வேண்டாம்.

கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. ஆர்கானின் பாதிப்பால் கோடு சற்றே நகர்வது பொதிப் பெயர்ச்சி. ஒரே மூலக்கூறு வெவ்வேறு இடுக்குகளில் அமர்வதால் கோடு பிளவுபடுவது பொதியிடப் பிளவு. 'அணி'யை வைத்து இவற்றைச் சொல்லிப் பாருங்கள், இடறும்.

பொதி என்றால் கழுதைப் பொதிதான் நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். 'கருத்துப் பொதிந்த பேச்சு' என்று நாள்தோறும் சொல்கிறோமே!

எனக்குத் தீராதது 'அனீலிங்' மட்டுமே. 30 கெல்வின் பக்கம் சூடேற்றினால் ஆர்கான் நெகிழ்ந்து, மூலக்கூறுகள் நகர்ந்து இணைசேரும். எந்தக் கோடு தனி மூலக்கூறுடையது, எது இணையுடையது என்று அதை வைத்துப் பிரித்தறிகிறார்கள். உலோகவியலின் 'காய்ச்சிப் பதப்படுத்தல்' இந்தக் குளிருக்கு ஒட்டவே ஒட்டாது. 'நெகிழ்பதம்' சரிப்படுமா? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாஸ்பேட் சேர்மங்களை இம்முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே தொடர்புள்ளவர்கள், ஆய்வகத்தில் தமிழில் பேசும்போது இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து