நைட்ரோஃபுரான்டாயின் தீவன ஆய்வு: எடை குறைந்தால் மருந்தின் வேலையா, பட்டினியா?

சிறுநீர்த் தொற்று மருந்தான நைட்ரோஃபுரான்டாயினைத் தீவனத்தில் கலந்து நீண்டகாலம் எலிகளுக்குக் கொடுக்கும்போது எடை பின்தங்குகிறது. அதை எப்படிப் படிக்கிறீர்கள்? கையாண்டவர்கள் பகிருங்கள்.

தீவனக் கலவைப் பிரிவு:
முதலில் பாத்திரத்தைப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் தவிர மற்ற உலோகம் பட்டால் மருந்து சிதையும். வெளிச்சமும் காரப்பொருளும் (அல்கலி) ஆகாது. கொஞ்சம் தீவனத்தில் முன்கலவை செய்து, அதை மொத்தத்தோடு கலக்கியில் சுழற்றவும். மேலே இரு பக்கம், அடியில் ஒன்று என மாதிரி எடுத்துச் சோதிக்கவும். குறித்த அளவில் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுவதே மேல்.

எடைப் பதிவு செய்பவர்:
முதல் 13 வாரம் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை. எடையும் தீவன அளவும் சேர்த்தே. கூண்டடியில் சிந்தியதை நிறுத்துக் கழிக்காவிட்டால் 'நன்றாகத் தின்கிறது, எடைதான் ஏறவில்லை' என்று கணக்கு பொய் சொல்லும். தொடக்க நாட்களில் மட்டும் தீனி குறைந்து பிறகு சரியானால் பெரும்பாலும் சுவை பிடிக்காததுதான். தீனி குறையாமல் எடை பின்தங்கினால் மருந்தைச் சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்தே குறைந்தால் இணைத்தீனிக் குழு வேண்டும்: மருந்து எலி நேற்றுத் தின்ற அளவையே இன்று மருந்தில்லா எலிக்கு வைப்பது. அதற்குத் தனிக்கூண்டு அவசியம்.

பிபிஎம் (தீவனத்தின் பத்து லட்சம் பங்கில் மருந்தின் பங்கு) மாறாது, ஆனால் உடலுக்குள் போகும் அளவு மாறும். 1300 பிபிஎம் தீவனத்தில் நாளுக்கு 12 கிராம் தின்னும் 100 கிராம் குட்டிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 156 மி.கி.; 18 கிராம் தின்னும் 300 கிராம் எலிக்கு 78 தான். சராசரியை மட்டும் அறிக்கையில் போடுவது எனக்கு ஒப்பாது.

திசு நோயியல்:
விரை எடையை உடல் எடையோடு வகுக்காதீர்கள். உடல் மெலிந்தாலும் விரை அதே வேகத்தில் மெலியாது. விகிதம் உயர்ந்து சிதைவை மூடிவிடும். மூளை எடையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் 341-ஆம் அறிக்கையில் (1989) விரைச் சிதைவு பதிவாகியுள்ளது. பெண் சுண்டெலிகளின் சினைப்பைக் கட்டிகளுக்குத் 'தெளிவான சான்று', ஆண் எலிகளின் சிறுநீரகக் கட்டிகளுக்கு 'ஓரளவு சான்று' என்பது அதன் முடிவு. பின்னதைக் கவனமாகப் படிக்கணும்: எஃப்344 என்ற ஆய்வக எலி வகையின் ஆணுக்கு வயதானாலே சிறுநீரகம் கெடும். மெலிந்த எலிக்கு மார்பகக் கட்டிகளும் குறைவாக வரும். அதை மருந்தின் பாதுகாப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

மருத்துவப் பிரிவு:
வழக்கமான 100 மி.கி. இருவேளை, 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3.3 மி.கி. தான், அதுவும் சில நாட்கள். மாதக்கணக்கில் எடுப்பவர் மெலிந்தால் குமட்டல் என்று விட்டுவிடாமல் நுரையீரலையும் கல்லீரலையும் பாருங்கள்.