மெரினா 2017 நாவல்: என் பையன் தன்னை என்னவென்று நினைப்பான்?

ஐஸ்ஹவுஸ்வாசி:
நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2017 ஜனவரி 17 முதல் 23 வரை, மெரினாவில் நடக்கிறது. நாயகனுக்குப் பதினெட்டு வயது. ஜல்லிக்கட்டுக்காகக் கோஷம் போடப் போனவன், முதல் நாள் ராத்திரி எல்லோரும் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தபோது பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்த்துவிடுகிறான். அதுவரை நன்றாக வந்தது. அப்புறம் அவன் தன்னைப் பற்றி நினைக்கும் இடத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். ‘பால்புதுமையர்’ (queer) என்று எழுதினால் பொய்யாகப் படுகிறது. அதே வயதில் நானும் அங்கே இருந்தேன். எனக்கு அந்தச் சொல் தெரியாது. இந்த மாதிரிச் சொற்களுக்குத் தமிழக அரசு பட்டியல் வெளியிட்டதே 2022-இல்தான்.

பழைய வாசகன்:
பேப்பரில் வந்த சொல் ‘ஓரினச்சேர்க்கை’தான் தம்பி. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த உறவைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவு செல்லும் என்றபோது அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை. 2018 செப்டம்பர் வரை அது குற்றமாகவே இருந்தது. உங்கள் பையன் கூட்டத்தில் நிற்கும்போதும் குற்றம்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

பட்டினப்பாக்கம் அக்கா:
சொல்லே வேண்டாம் தம்பி. என் தம்பிக்குப் பள்ளியில் வருகைப்பதிவு எண் ஒன்பது. தினமும் காலையில் டீச்சர் ‘ஒன்பது’ என்றதும் வகுப்பே சிரிக்கும். ‘உள்ளேன்’ சொல்லப் பயந்தே பாதி நாள் ஆப்சென்ட் ஆனான். இவனுக்கும் அதுதானே காதில் கேட்டுக்கொண்டிருக்கும்?
இன்னொன்று. 23-ஆம் தேதியை வெறும் தடியடிக் காட்சியாக முடித்துவிடாதீர்கள். ஓடி வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்கள் குப்பத்து ஜனங்கள். நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. அன்று சாயங்காலம் சட்டசபையில் ஜல்லிக்கட்டு மசோதா நிறைவேறியது. மாணவர்கள் கேட்டது கிடைத்தது, மீன் விற்றவர்களுக்குக் கடை போனது. அந்த இன்னொரு பையன் ஏன் நடுக்குப்பத்துப் பையனாக இருக்கக் கூடாது?

ஐஸ்ஹவுஸ்வாசி:
அக்கா, இருக்கட்டும், அவன் நடுக்குப்பம்தான். அவன் அம்மாவுக்கு அந்த மார்க்கெட்டில் கடை. நேற்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் தண்ணீர் பாக்கெட்டை எண்ணி எண்ணி வரிசையில் கொடுத்துக்கொண்டு வருகிறான். ஏழு, எட்டு. என் பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். ‘ஒன்பது, இந்தா பிடி’ என்கிறான் அவன். யாரும் சிரிக்கவில்லை.