கையில் காசு குறைவு, மடியில் பூனைக்குட்டி: செலவு அனுபவங்கள் (எண்ணிட்ட ஒவ்வொரு பகுதியும் ஒருவர் எழுதியது)

1

அந்தக் காது துடிப்புதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாலு வாரக் குட்டி, 380 கிராம், உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. நாய்க்கு வாங்கிய பிடரிச் சொட்டு மருந்து வீட்டில் மிச்சம் இருந்திருக்கிறது. புதிதாக எதற்கு வாங்க வேண்டும் என்று அதில் பாதியைக் குட்டிக்கு விட்டுவிட்டார்கள். சில மணி நேரத்தில் காது நுனி துடித்தது, பிறகு முகம், பிறகு உடம்பு முழுக்க வலிப்பு.

மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, அதனால் பாதி, கால் என்று அளவைக் குறைப்பதில் பாதுகாப்பே கிடையாது. தெரியாமல் விட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் உடனே கழுவி, துவட்டி, கதகதப்பாகச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சுடுநீர் கூடாது. தோலில் ரத்த ஓட்டம் கூடினால் மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும்.

இத்தனைக்கும் எட்டு வாரத்துக்குக் கீழே உள்ள குட்டிக்குத் தேவைப்பட்டது நெருக்கமான பல் உள்ள ஒரு தெள்ளுச் சீப்பும் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும்தான். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு சோப்பு வளையம் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் நனைந்ததும் எல்லாம் முகத்துக்கு ஏறிவிடும். பிறகு உடம்பைக் குளிப்பாட்டி, சீவி, சீப்பைக் கிண்ணத்தில் முக்கி முக்கி எடுக்கலாம்.

2

மேலே சொன்ன குளியலில் ஒரு திருத்தம். 380 கிராம் குட்டி தெம்பாக இருந்தால் மட்டுமே குளியல். துவண்டு கிடக்கும் குட்டியை நனைத்தால் தெள்ளுக்கு முன்பே குளிர் அதைக் கொன்றுவிடும். முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக இருந்தால் குளியல். காகிதம் போல வெளுத்திருந்தால் தெள்ளு ஏற்கெனவே ரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருக்கிறது, சீப்பு மட்டும் போட்டு அன்றைக்கே மருத்துவர். இப்படி வெளுத்த ஈறோடு வந்த ஒரு குட்டியைச் சீவும்போது உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரத்துணியில் தேய்த்ததும் துணி முழுக்கச் சிவப்பானது. அந்தத் தூள் தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். குறைந்த காசில் குட்டி வளர்ப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு. படுக்கை, பொம்மை, கழுத்துப்பட்டை எல்லாம் அப்புறம். ஆரோக்கியமான குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். நாலு வாரத்தில் 400 கிராம் அளவில், எட்டு வாரத்தில் ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். ஒரு நாள் ஏறவில்லையென்றால் கவனம். எடை இறங்கினால் காத்திருக்க வேண்டாம். பேதி, சளி, சோர்வு எல்லாம் கண்ணில் படுவதற்கு முன் தராசில் தெரிந்துவிடும், அந்த நிலையில் வைத்தியச் செலவும் சிறியது.

வயிற்றுப் பூச்சி மருந்துக்கும் இதே தராசுதான். பைரன்டெல் கரைசல் எடைக்கு ஏற்ற அளவில் இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டு வாரம் வரை கொடுப்பது வழக்கம். ஒரு சிறிய புட்டி பல குட்டிகளுக்கு வரும். ஆனால் புட்டிக்குப் புட்டி மருந்தின் அடர்த்தி மாறும். ஒருவர் “அரை மில்லி கொடுத்தோம்” என்றால் அது அவர் கையில் இருந்த புட்டிக்கு மட்டும் பொருந்தும். மருத்துவரிடம் மில்லிகிராமில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாலடியில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பைரன்டெல் அதைத் தொடாது, பிராசிகுவான்டெல் வேண்டும். தெள்ளை ஒழிக்காவிட்டால் அதுவும் திரும்ப வரும், ஏனென்றால் குட்டி தன்னை நக்கும்போது விழுங்கும் தெள்ளின் வழியாகத்தான் நாடாப்புழு உள்ளே போகிறது.

3

மூக்கு வழியாகப் பால் வந்த நொடி. அதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

குளிர்ந்து விறைத்த குட்டி, பசியாக இருக்கும் என்று மல்லாக்கப் படுக்கவைத்து சிரிஞ்சில் பசும்பால். இதில் மூன்று தவறு. உடம்பு சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்யாது, பால் வயிற்றிலேயே புளிக்கும். மல்லாந்த குட்டிக்குப் பால் நுரையீரலுக்குப் போகும், அங்கே நிமோனியா. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் பேதியாகி, உடம்பில் இருந்த நீரும் போய்விடும்.

வரிசை இதுதான்: முதலில் சூடு, பிறகு பால். பிளாஸ்டிக் புட்டியில் சுடுநீர் நிரப்பித் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். புட்டி ஆறியதும் எடுத்துவிட வேண்டும், ஆறிய புட்டி குட்டியின் சூட்டை உறிஞ்சும். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்த பிறகு, குப்புற, தலை லேசாக நிமிர்ந்தபடி, பூனைக்குட்டிப் பால் பவுடர். கரைத்த பால் குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வரைதான். அதனால் ஒரு நாளுக்கானதை மட்டும் கரையுங்கள், கொட்டுகிற பால்தான் இங்கே பெரிய வீண்செலவு. மூன்று வாரத்துக்குட்பட்டது என்றால் ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவி சிறுநீர் போகவைக்க வேண்டும், தானாகப் போகத் தெரியாது.

4

தீவனத்தில் ஏமாறுவது பையின் விலையைப் பார்த்துத்தான். கலோரிக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள்.

பத்து வார, ஒரு கிலோ குட்டிக்கு நாளுக்குச் சுமார் 200 கிலோகலோரி. உலர் தீவனம் 100 கிராமில் 380 இருந்தால் 50 கிராம் கொஞ்சம் தாண்டும். ஈரத் தீவனம் 100 கிராமில் 85தான் என்றால் 235 கிராம், அதாவது சிறிய உறைகளில் மூன்று. முழுக்க ஈரத் தீவனத்துக்குக் காசு போதாதபோது 35 கிராம் உலர்ந்ததும் 80 கிராம் ஈரமானதும் கணக்குக்குச் சரியாக வரும், நீரும் உள்ளே போகும்.

கலோரி அச்சிடப்படாத பையா? புரதத்தை 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும், மாவுச்சத்தை 3.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். மாவுச்சத்து பையில் இருக்காது. 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாது உப்புகள்), ஈரப்பதம் எல்லாவற்றையும் கழித்தால் கிடைக்கும். புரதம் 32, கொழுப்பு 14, நார் 3, சாம்பல் 8, ஈரம் 9 என்றால் மாவுச்சத்து 34, மொத்தம் 350.

பையில் “வளரும் குட்டிக்கு முழுமையான உணவு” என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். “துணை உணவு” என்றிருந்தால் தினசரிக்கு ஆகாது. நாய்த் தீவனம் மலிவு என்று மாதக்கணக்கில் போட்டால் டாரின் என்ற சத்து குறைந்து விழித்திரையும் இதயமும் கெடும். அந்த வைத்தியத்துக்கு முன்னால் மிச்சம் பிடித்த காசு ஒன்றுமே இல்லை.

5

தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக் குட்டி உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை தெரியும். எட்டு வாரத்தில் ஒரு ஊசி போட்டாயிற்று, அதோடு போதும் என்று அடுத்ததை விட்டிருந்தார்கள்.

ஒரு ஊசி ஏன் போதாது? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியையும் சேர்த்து முடக்கிவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் வரை போடுகிறார்கள். காசு நெருக்கடியில் எதை விட்டாலும் இந்த வரிசையின் கடைசி ஊசியை விடாதீர்கள். பல குட்டிகளுக்கு வேலை செய்வது அதுதான்.

அந்தக் கிருமி இருந்த இடத்தில் அடுத்த குட்டியை வைக்கும் முன்: முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீட்டு பிளீச், பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீரியம் இழக்கும். வாசனைத் தரைக் கழுவிகளில் பெரும்பாலானவை இந்த வைரஸைத் தொடவே தொடாது, அது மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிர்ப்போடு கிடக்கும். சிறுநீர் இருக்கும் தட்டில் பிளீச்சை நேராக ஊற்றாதீர்கள், கிளம்பும் வாயு நுரையீரலுக்குக் கெடுதல்.

6

தெருவில் கிடைத்த குட்டி இலவசம் என்றே பலர் வைத்துப் பேசுகிறார்கள், நண்பர்களே. விலங்குக் காப்பகத்தில் குட்டியைத் தரக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்: மூன்று தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி, நாலு முறை பூச்சி மருந்து, கருத்தடை. காப்பகக் கட்டணத்தில் இவற்றில் எவை முடிந்திருக்கின்றன என்று தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் கட்டணம்தான் மலிவாக முடியும்.

கருத்தடையைத் தள்ளிப்போடுவது மிச்சமே இல்லை. பெண் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், கர்ப்பம் சுமார் ஒன்பது வாரம். ஒரு குட்டிக்குப் போட்ட பட்ஜெட் அரை வருடத்தில் ஐந்து உயிருக்கு ஆகிவிடும். ஒரு கிலோ எடை வந்ததும் பல மருத்துவர்கள் செய்கிறார்கள். முந்தைய இரவெல்லாம் பட்டினி போடுவது பெரிய பூனைக்கான பழக்கம். குட்டிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7

6இல் சொன்னதோடு உடன்பாடுதான், ஆனால் ஏற்கெனவே குட்டி கைக்கு வந்துவிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்காக: மருத்துவரிடம் முதல் முறை போகும்போதே குட்டியின் அன்றைய மலத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் கொண்டுபோங்கள். இல்லையென்றால் அதற்காகவே இரண்டாம் தடவை ஆலோசனைக் கட்டணம் விழும். பூச்சி மருந்து கொடுத்தும் பேதி நிற்காத குட்டியில் காக்சிடியாவோ ஜியார்டியாவோ (குடலில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணிகள்) இருக்கக்கூடும். இரண்டும் பைரன்டெலுக்கு அடங்காது, மலப் பரிசோதனைதான் வழி.

பரிசோதனைப் பட்டியல் நீளமாக வந்தால் ஒரே கேள்வி: “இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும், டாக்டர்?” மாறாது என்றால் தள்ளிவைக்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை. எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் வைரஸ்) எதிர்ப்பொருள் பரிசோதனை ஆறு மாத வயதுக்கு முன் பாசிட்டிவ் வந்தால் அது தாயின் எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம், மறுபடி செய்தே ஆக வேண்டும். எஃப்இஎல்வி (பூனை ரத்தப்புற்று வைரஸ்) பரிசோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் வேறு பூனை இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை குட்டிக்குத் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் தட்டு, குறைந்தது இரண்டு வாரம்.

8

நூல். இதை யாரும் எழுதவில்லை.

குட்டியின் நாக்கைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் வெள்ளை நூல் சதையை அறுத்துக்கொண்டு இருந்தது, மறுமுனை குடலில். இழுக்கவே கூடாது. இழுத்தால் மடிந்து சுருங்கியிருக்கும் குடல் உள்ளேயே கிழியும். வாயில் தெரிந்தாலும் சரி, பின்னால் தொங்கினாலும் சரி, அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குட்டி வைத்திருப்பவருக்கு வரக்கூடிய மிகப் பெரிய செலவுகளில் ஒன்று இந்த அறுவை சிகிச்சை. தடுக்க ஆகும் செலவு, தையல் பெட்டிக்கும் தலைமுடி ரப்பருக்கும் ரிப்பனுக்கும் ஒரு மூடி. நூல் கட்டிய குச்சியால் விளையாட்டுக் காட்டினால், முடிந்ததும் அலமாரிக்குள் வையுங்கள்.

குட்டி மலம், சிறுநீர் கழிக்கும் தட்டில் போடும் மணல் பற்றி ஒரு வரி: எட்டு வாரம் வரை கட்டியாகும் மணல் வேண்டாம், குட்டி தின்னும், வயிற்றுக்குள் கட்டியாகும். கிழித்த செய்தித்தாள், ஐந்து சென்டிமீட்டர் உயர விளிம்புள்ள ஏதாவது ஒரு தட்டு, அதுவே போதும்.

9

3க்கு: பால் பவுடர் டின் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பது டின்னில் இருக்கும், தேதியை மூடியில் எழுதிவிடுங்கள். பெரிய டின் கிராமுக்கு மலிவுதான். ஆனால் குட்டி ஏற்கெனவே நாலு வாரம் என்றால் சிறியதை வாங்குங்கள். ஐந்தாம் வாரத்தில் ஈரத் தீவனத்தைப் பாலில் குழைத்துத் தட்டில் வைத்தால் நக்க ஆரம்பித்துவிடும், மிச்ச டின் அப்படியே நிற்கும்.