பேச்சுப் பயிற்சிப் பட அட்டைகளுக்கு உங்கள் குரல் வேண்டும்

பினாங்கு சொந்தங்களே, வணக்கம். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் உச்சரிப்பைச் சோதிக்க, இங்கே வீட்டில் புழங்கும் தமிழிலேயே பட அட்டைகள் தயாரிக்கிறோம். ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை பக்கத்து அம்மாக்கள், பாட்டிமார், பாலர் பள்ளி ஆசிரியைகள் அட்டைச் சொற்களை வீட்டில் சொல்வதுபோலவே பதிந்து அனுப்பி உதவ வேண்டும்.

வாழைப்பழத்தைப் பிள்ளை 'வாளப்பளம்' என்றால், வீட்டிலும் அப்படித்தானா என்று முதலில் தெரியவேண்டும். வீட்டு வழக்கைக் கோளாறு என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் அநியாயம். 'வாப்பம்' என்று அசையே விழுந்தால்தான் கவனிக்கவேண்டும்.

ழ, ள சொல் முதலில் வராது. நடுவிலும் கடைசியிலும் அவை வரும் சொற்கள் தோன்றினால் நீங்களும் தாருங்கள்: மழை, பள்ளி, கூழ், தேள் போல. படமாக வரைய முடியவேண்டும், 'புகழ்' உதவாது.

பதியும்போது காற்றாடியை நிறுத்துங்கள். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதும். ஒவ்வொரு சொல்லும் 3 முறை, இடையில் 2 விநாடி. வாட்ஸ்அப் குரல்செய்தி வேண்டாம், சுருக்கும்போது 'ஸ' ஒலியின் கூர்மை போய்விடும். ரெக்கார்டரில் பதிந்து கோப்பாக அனுப்புங்கள். மேடைத் தமிழ் வேண்டாம், சமையலறையில் பேசுவதுபோலவே பேசுங்கள்.

முடிந்தவர்கள் கீழே ஊர்ப் பெயரைப் போடுங்கள், சொற்பட்டியல் அனுப்புகிறோம். பாட்டிமார் குரல்தான் அவசரமாகத் தேவை.