ஷ்மிட்ஸ் குடும்பம்: ப்ரெஸ்லாவுக்கு முந்தைய ஊரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். என் கணவரின் குடும்பப் பெயர் ஷ்மிட்ஸ். அவருடைய கொள்ளுத்தாத்தா 1880-களில் ப்ரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) பிறந்த கத்தோலிக்கர். அதற்கு மேலே போக முடியவில்லை.

கொல்லர் தொழிலிலிருந்து வந்த பெயர்தான். ஆனால் ஷ்மிட்ஸ் என்ற வடிவம் மேற்கு ஜெர்மனியில் கொலோன் பக்கம், ரைன்லாந்தில் இன்றும் குவிந்து கிடக்கிறது. மற்ற வட்டாரங்களில் ஷ்மிட்தான் அதிகம். அதனால் மேற்கிலிருந்து போன குடும்பம் என்றே நினைக்கிறேன்.

இதுவரை பார்த்தவை: பிறப்புப் பதிவு கிடைத்தது. எழுத்தர் ‘ஷ்மிட்’ என்று எழுதியிருக்கிறார், கீழே அப்பாவின் கையெழுத்தோ தெளிவாக ‘ஷ்மிட்ஸ்’. அப்பாவின் தொழில் ரயில்வே பட்டறை. பிறந்த ஊர் இல்லை. ப்ரெஸ்லா அப்போது இருந்த பிரஷ்யாவில் பிறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு 1874 அக்டோபரில் தொடங்கியது. அதற்குப் பிந்தைய திருமணப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர் உண்டு. பழைய முகவரிப் புத்தகத்தில் தெருப்பெயர் மட்டும் கிடைத்தது. ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன், பங்குத்தளத்தின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) பெயரைக் கேட்கிறார்கள்.

தெருப்பெயரை வைத்து, 1870-களில் அது எந்தக் கத்தோலிக்கப் பங்கில் இருந்தது என்று எங்கே பார்ப்பது?