இரண்டு விமான நிறுவனம் ஒன்றானபின் முதல் ஃப்ளைட்: உங்கள் அனுபவம்?

கேபின் க்ரூவில் இருக்கிறேன். இணைப்பு அறிவித்தவுடன் எல்லோரும் கலந்து பறந்துவிட முடியாது. இரண்டையும் ஒரே நிறுவனமாக இயக்க அரசு தரும் ஒரே இயக்கச் சான்றிதழ் வரும்வரை அவர்கள் விமானம் அவர்களுக்கு, எங்கள் விமானம் எங்களுக்கு. அது வந்த பிறகுதான் ரோஸ்டரில் அந்தப் பக்கத்து ஆட்களோடு என் பெயரும் வந்தது.

கதவை ஆர்ம் செய்ததும், அதாவது அவசரத்தில் திறந்தால் சறுக்குப் பாதை தானே விரியும்படி லீவரைப் போட்டதும், எங்கள் பழைய வழக்கம், நின்ற இடத்திலிருந்தே எதிர்க் கதவுக்காரருக்குக் கட்டைவிரலைக் காட்டுவது. புது மேனுவல் அவர்களுடையதை எடுத்துக்கொண்டது: நடந்து போய் அடுத்தவர் கதவின் லீவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். வகுப்பில் பலமுறை செய்தும் பார்த்தாயிற்று. இருந்தும் அன்று அந்த நிறுவனத்துப் பெண் ஒருவர் என் கதவருகே வந்து குனிந்து பார்த்தபோது சுருக்கென்றது. இத்தனை வருஷ சர்வீஸ், என்னை நம்பவில்லையா?

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "என் கதவையும் வந்து பாருங்க அக்கா. நானும் மறந்திருக்கலாம்" என்றார். போய்ப் பார்த்தேன். எங்களுக்கு அவமரியாதையாகத் தெரிந்தது அவர்களுக்குத் துணை நிற்பது. எந்த வகுப்பிலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

*

நான் ஃபர்ஸ்ட் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த விமானி. எங்களுக்கு வலித்தது சீனியாரிட்டி பட்டியல்தான். எந்த விமானம், எந்த ஊரில் பேஸ், எப்போது லீவு, எப்போது கேப்டன் எல்லாமே அந்த எண்ணில் இருக்கிறது. சேர்ந்த தேதிப்படி கலந்தால் அதிக வருஷமாக இருக்கும் நிறுவனத்தாருக்கு லாபம். அவரவர் பட்டியலில் இருந்த இடத்தின் விகிதப்படி கலந்தால் அவர்களுக்குக் கசப்பு. அமெரிக்காவில் யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரு விமான நிறுவனங்கள் 2005இல் இணைந்தன. 2007இல் பட்டியல் பற்றி நடுவர் தீர்ப்பு வந்தும் விமானிகள் ஒத்துப்போகவில்லை. 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேரும்போதும் இரு தரப்பும் தனித்தனியாகவே பறந்தார்கள். யுனைடெட், கான்டினென்டல் கேபின் க்ரூ கலந்து பறக்க 2010லிருந்து 2018 வரை ஆனது. அதனால் எங்கள் மனத்தாங்கலைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பட்டியலில் நான் கீழே போனேன். மேலே போன ஒரு கேப்டனோடுதான் முதல் டூட்டி. பறக்குமுன் நடக்கும் ப்ரீஃபிங்கில் அவரே ஆரம்பித்தார்: "பட்டியலைப் பத்தி இறங்கினப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். பழைய பழக்கத்துல நான் கால்அவுட் மாத்திச் சொன்னா உடனே நிறுத்துங்க."

கால்அவுட் என்பது பறக்கும்போது ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிர்ணயித்த சொற்கள். இரண்டு தடவை நிறுத்தினேன். ஒரு தடவை அவர் என்னை நிறுத்தினார். இறங்கியபின் பட்டியலைப் பற்றியும் பேசினோம், ஒரு மணி நேரத்துக்கு மேல்.